வண்டு மருந்து

என் மூத்த மகள் பிறந்தபோது அழவில்லை. அந்த நாளிலிருந்து என் கணவரின் அண்ணனோடு நான் பேசியதெல்லாம் சண்டைதான். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. அவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. செத்தவரைப் பற்றித் தப்பாக எழுதலாமா என்று உறவில் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். அவர் உயிரோடு இருந்தபோது நேருக்கு நேர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். புதிதாக எதையும் சேர்க்கவில்லை.

நான் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்தேன். ஐம்பதுகளின் கடைசியில் கல்யாணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தேன். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். ஒன்றில் கணவரின் அண்ணன், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள். இன்னொன்றில் நாங்கள் இருவர். அடுப்பு ஒன்று, குழாய் ஒன்று. தண்ணீர் பிடிப்பதற்கு முன்னால் அக்காவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அக்கா என்று நான் கூப்பிட்டது அண்ணனின் மனைவியை.

அண்ணன் ஒரு பருப்புக் கிடங்கில் மண்டோராக இருந்தார். வேலையாட்களை மேய்ப்பவருக்கு அந்தப் பெயர். கிடங்கு வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. முதலாளி இந்தியாவிலிருந்து கப்பலில் பருப்பு, மல்லி, மிளகாய் வரவழைத்துக் கடைகளுக்கு அனுப்புவார். என் கணவர் அதே கிடங்கில் லாரிக்கு மூட்டை ஏற்றுபவர். வேலை அண்ணன் வாங்கிக் கொடுத்தது, வீடு அண்ணன் பிடித்துக் கொடுத்தது. அதனால் அண்ணன் வாயைத் திறந்தால் என் கணவர் தலையைக் குனிந்துகொள்வார். கல்யாணமான முதல் வாரத்திலேயே அதைப் பார்த்துவிட்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆறு மாதத்தில் என்னையும் வேலைக்கு வரச் சொன்னார் மண்டோர். நாங்கள் எட்டுப் பெண்கள். தகரக் கூரைக்குக் கீழே, விரித்துப் போட்ட சாக்கில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்குவோம், மல்லியைச் சலிப்போம். தும்மலும் இருமலும் ஓயாது. அந்த எட்டுப் பேரில் ஒருத்தி என்னைப் போலவே ஜொகூர் தோட்டத்திலிருந்து வந்தவள், என் வயதுக்காரி. மதியச் சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். அவளும் மருமகளாக வந்து மாட்டிக்கொண்டவள்தான். அவள் மாமியாரைப் பற்றி அவளும், மண்டோரைப் பற்றி நானும் பேசிப் பேசியே சிநேகிதிகளானோம்.

பருப்பு என்றால் வண்டு விழும். அதற்கு வெள்ளையாக ஒரு பொடி வைத்திருந்தார்கள். மூட்டை அடுக்கும் ஆண்கள் அதைச் சாக்குகளின் மேல் தூவுவார்கள். ஒரு தடவை வந்த சரக்கில் வண்டு புழுத்துப்போய், அனுப்பிய மூட்டைகளைக் கடைக்காரர்கள் திருப்பிவிட்டார்கள். முதலாளி எல்லார் முன்னாலும் மண்டோரை வைதார். அடுத்த வாரம் மண்டோர் ஒரு புது மருந்தோடு வந்தார். சிவப்புத் தகரங்கள். மேலே ஒரு மண்டை ஓட்டுப் படம், சுற்றிலும் பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்து. உள்ளே எண்ணெய் மாதிரி ஒரு திரவம். மூடியைத் திறந்தால் அழுகிய பூண்டு நாற்றம் மூக்கில் ஏறும்.

அதை வாளித் தண்ணீரில் கலக்கித் தரையிலும் சுவரிலும் காலிச் சாக்குகளிலும் தெளிக்க வேண்டும். இரண்டு ஆண்கள் செய்தார்கள். இரண்டாவது வாரமே ஒருவர் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தார். மறுநாள் இருவருமே, மூட்டை தூக்குகிறோம், இதைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களை மண்டோரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூட்டை தூக்க ஆள் வேண்டுமே. திரும்பி எங்களைப் பார்த்தார்.

"வீட்டுல வாசல் தெளிக்கிறீங்கல்ல, அதே மாதிரிதான். ஒரு நாளைக்கு ரெண்டு பேரு. முறை வச்சுக்குங்க."

"அந்த ஆம்பளைக்கு வாந்தி வந்துச்சே மாமா?" என்று கேட்டேன். வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கிடங்கிலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"அவன் முந்தின நாளு கள்ளு குடிச்சிருப்பான். நீ கள்ளா குடிக்கிற?"

பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனாலும் வாளியை எடுத்தேன். அதை இங்கே மறைக்கப்போவதில்லை. அப்போது எனக்கு மூன்றாவது மாதம்.

வாரத்துக்கு ஒரு முறை, சில வாரம் இரண்டு முறை என் முறை வரும். குச்சியால் கலக்கி, தென்னந்துடைப்பத்தை முக்கித் தெளிப்போம். கைக்கு ஒன்றும் கிடையாது, காலுக்கு ஒன்றும் கிடையாது. முந்தானையை மூக்கில் சுற்றிக்கொள்வோம். தெளித்து முடித்த ஈரச் சாக்கின் மேலேயே உட்கார்ந்து பருப்பைப் பொறுக்குவோம். அந்தக் கையாலேயே சோற்றைத் தின்போம்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் வாளியைத் தூக்கும்போது கைப்பிடி கழன்று, மருந்து வயிற்றிலிருந்து முழங்கால் வரை ஊற்றிவிட்டது. புடவை ஒட்டிக்கொண்டது. கழுவிவிட்டு வருகிறேன் என்று குழாயடிக்குப் போகப் புறப்பட்டேன்.

"எங்க போற? லாரி நிக்குது. முடிச்சிட்டுப் போ," என்று மண்டோர் கத்தினார்.

"மேல எல்லாம் ஊத்திடுச்சு மாமா."

"வெயிலுக்குக் காஞ்சிடும். போ, போய் வேலையப் பாரு."

போய் வேலையைப் பார்த்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது, துப்பத் துப்ப ஊறியது. எதிரே இருந்தவளின் முகம் மங்கலாகத் தெரிந்தது. வயிற்றைப் பிசைந்தது. புறங்கையின் சதை தானாகத் துடித்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. வியர்வையில் ரவிக்கை நனைந்துவிட்டது. வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். சிநேகிதிதான் வந்து முதுகைத் தடவினாள். மண்டோர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "மசக்கை," என்றார். ஐந்தாவது மாதத்தில் என்ன மசக்கை? மூன்று பிள்ளை பெற்றவளின் புருஷனுக்கு அது தெரியாதா?

லாரியிலிருந்து என் கணவர் இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். "வீட்டுக்குப் போறியா?" என்று என்னிடம்தான் கேட்டார், அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானே நடந்து வீட்டுக்குப் போனேன். அந்தப் புடவையை மூன்று முறை சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை.

இரண்டு நாள் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் அக்கா கதவருகில் வந்து நின்று, "அவரு கேக்குறாரு, வேலைக்கு வர்றியா, வேற ஆளு பாக்கவான்னு," என்றாள். திரும்பவும் போனேன். திரும்பவும் வாளியை எடுத்தேன். என் சிநேகிதிக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருந்தது. அவளும் எடுத்தாள்.

எட்டாவது மாதம் முடிவதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. டாக்சியில் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறந்தது பெண். பிறந்ததும் அழும் என்று காத்திருந்தேன். தட்டினார்கள், தலைகீழாகப் பிடித்தார்கள், சத்தமே இல்லை. என்னிடம் காட்டாமலே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். என் முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் அடங்கிவிடுகிற அளவுதான் இருந்தாள். மூக்கில் குழாய். கையும் காலும் துணி மாதிரி கிடந்தன. திடீரென்று உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் வரும், போகும். பால் குடிக்க வாயில் வலுவில்லை. பாலைப் பீய்ச்சிக் கொடுப்பேன், குழாய் வழியாக விடுவார்கள்.

ஐந்தாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பிள்ளை அங்கேயே இருந்தது. நான் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "பச்ச ஒடம்பு, தீட்டு வேற. தெருவுல நடந்து எங்க மானத்த வாங்குறியே," என்றாள். பிள்ளை இப்படிப் பிறந்ததற்கும் அவளிடம் காரணம் இருந்தது. கிரகணத்தன்று நான் வெளியே வந்தேனாம். பப்பாளி தின்றேனாம். இரண்டும் பொய்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்த டாக்டர் ஒரு சீனப் பெண். அவருக்குத் தமிழ் தெரியாது. யாழ்ப்பாணத்துக்கார நர்ஸ் ஒருவர், மிஸ்ஸி என்று கூப்பிடுவோம், நடுவில் நின்று பேசினார். ஒரு வாரம் கழித்து டாக்டர் என்னை உட்காரவைத்து வரிசையாகக் கேட்டார். காய்ச்சல் வந்ததா, விழுந்தாயா, நாட்டு மருந்து தின்றாயா. கடைசியில் மிஸ்ஸி, "நீர் வயித்துப்பிள்ளையோட என்ன வேலை செய்தனீர்?" என்று கேட்டார்.

அதுவரை என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. கல் பொறுக்கியதைச் சொன்னேன். சலித்ததைச் சொன்னேன். வாளியைச் சொன்னேன். புடவையில் ஊற்றிய நாளைச் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அந்த மருந்துக்கு என்ன பேர்?"

"வண்டு மருந்து."

"உண்மைப் பேர் வேணும். தகரத்தில எழுதியிருக்கும். கொண்டு வர ஏலுமோ?"

வீட்டுக்கு வந்ததும் மண்டோரிடமே கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்தச் சிவப்புத் தகரம் ஒண்ணு வேணும். டாக்டர் கேக்குறாங்க."

"எந்தத் தகரம்?"

"வண்டு மருந்துத் தகரம்."

"நாம பொடிதான போடறோம்? எந்தக் காலத்துல தகரம் வாங்கினோம்?"

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை. நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ அறுந்தது. மாமா என்று நான் அவரைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் கடைசி.

மறுநாள், பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கிடங்குக்குள் நுழைந்தேன். தகரங்கள் அடுக்கியிருந்த மூலை காலியாக இருந்தது. கூட்டி மெழுகியிருந்தார்கள். பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்திகூடப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. ஏற்கெனவே எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறார் என்று புரிந்தது.

அப்போது குழாயடியிலிருந்து என் சிநேகிதி தண்ணீர் சுமந்துகொண்டு வந்தாள். அவள் கையில் இருந்தது ஒரு சிவப்புத் தகரம். மேல்பக்கத்தை வெட்டிக் கம்பியில் கைப்பிடி போட்டிருந்தார்கள். மண்டை ஓட்டுப் படம் அப்படியே இருந்தது. அதில்தான் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர். எனக்குத் தெரியாமல் எத்தனை நாளாக அது நடந்ததோ!

"அதக் கீழ வை," என்றேன்.

"எதுக்கு?"

"குடு இங்க. டாக்டருகிட்ட காட்டணும்."

அவள் தகரத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. "ஒனக்கென்ன, ஒம் புருஷன் மண்டோரு தம்பி. நீ வாயத் தொறந்தா எங்க ஏழு பேருக்கும் வேலை போயிடும்லா. எங்க வயித்துல அடிக்காத."

"ஒன் வயித்துலயும் ஒண்ணு இருக்குடி!"

"எம்புள்ளய இழுக்காத!"

நான் கம்பியைப் பிடித்து இழுத்தேன். அவளும் இழுத்தாள். தண்ணீர் எங்கள் இருவர் மேலும் கொட்டியது. அவள் கை நழுவியதும் தகரத்தோடு வாசலுக்கு ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்குத்தான். பெற்றுப் பன்னிரண்டு நாளான உடம்பு எப்படி ஓடும்? வாசலில் மண்டோர் நின்றார். தகரத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, "வச்சிட்டுப் போ. குடும்பத்த நாசம் பண்ணாத," என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், தெருவில் ஆட்கள் இருந்தார்கள்.

"கைய எடுங்க."

"எம் தம்பி பொண்டாட்டியாச்சேன்னு பாக்குறேன்."

அவர் எடுக்கவில்லை. நான் குனிந்து அவர் கையைக் கடித்தேன். பல் பதிகிற மாதிரி கடித்தேன். அவர் அலறிக் கையை உதறினார். எதிர்க் கடைக்காரர்கள், ரிக்‌ஷாக்காரர், பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். லாரியின் மேலிருந்து என் கணவரும் பார்த்தார், இறங்கவில்லை. நான் தகரத்தைத் தூக்கிக்கொண்டு, நனைந்த புடவையோடு, சிராங்கூன் ரோட்டில் ஆஸ்பத்திரியை நோக்கி நடந்தேன். மைத்துனரைக் கடித்தவள் என்கிற பெயர் எனக்குப் பத்து வருடம் இருந்தது. கல்யாண வீடுகளில் என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு நாளும் மறுத்ததில்லை.

கிடங்கில் அதில்தான் குடிக்கத் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். டாக்டர் தகரத்தைச் சுற்றிச் சுற்றிப் படித்தார். கூடவே படித்த மிஸ்ஸியின் முகம் மாறியது.

"இது பூச்சியின்ர நரம்பைத் தாக்குற நஞ்சு. தோலாலயே உள்ளுக்குப் போகும். இதில குடிக்கத் தண்ணியோ பிடிச்சவை?"

"இதனாலதான் எம்புள்ள இப்படிப் பொறந்துச்சா?"

டாக்டர் தகரத்தைக் கீழே வைத்தார். மிஸ்ஸியிடம் நிதானமாகச் சொன்னார். "டொக்டர் சொல்லுறா, அப்பிடி நிச்சயமாச் சொல்ல ஏலாது. குறை மாசத்தில வேற காரணத்தாலயும் பிள்ளையள் இப்பிடிப் பிறக்கும். ஆனா வயித்துப்பிள்ளைக்காரி இதுக்குக் கிட்டவும் போகக் கூடாது. உமக்கு அண்டைக்கு வந்ததெல்லாம் இந்த நஞ்சால வந்ததுதான், அதில சந்தேகம் இல்லை."

நிச்சயமாகச் சொல்ல முடியாது. அந்த வார்த்தையை நான் வெறுத்தேன். அந்த டாக்டரையும் அன்றைக்கு வெறுத்தேன், அவர் ஒருவர்தான் என் பக்கம் நின்றவர் என்பது தெரிந்தும். பிறகு யோசித்துப் பார்க்கையில், பொய் சொல்லாத ஒரு ஆளாவது இருந்ததே என்று தோன்றியது. அவர் எங்கோ ஒரு கடிதம் எழுதினார். இரண்டு வாரத்தில் அரசாங்கத்திலிருந்து ஒரு அதிகாரி கிடங்குக்கு வந்தார்.

அதற்கு முன்னால் முதலாளி எங்கள் மாடிக்கு வந்தார். அதுவரை அவரை நான் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஒரு கூடை ஆரஞ்சும் குழந்தைச் சட்டையும் கொண்டுவந்தார். அக்கா ஓடிப்போய் நாற்காலி போட்டாள்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. புள்ள நல்லா வந்துடும். ஆபீசரு வந்தா, வீட்டுச் சண்டைன்னு சொல்லிடு. நம்ம ஆளுங்களுக்குள்ள பேசிக்கலாம்."

"நீங்க ஒரு தடவ அந்த வாளியத் தூக்குங்க. அப்புறம் பேசிக்கலாம்," என்றேன்.

கூடையை எடுத்துப் படிக்கட்டில் தள்ளினேன். பழங்கள் ஒவ்வொரு படியாக உருண்டு தெருவுக்குப் போயின. முதலாளி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அக்கா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் நானும் அடித்திருப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். ஏழு பெண்களும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஆண்கள்தான் தெளிப்பார்கள், நாங்கள் தொட்டதில்லை. என் சிநேகிதியும் அதையே சொன்னாள். என் கணவர், "நான் லாரியில இருப்பேன். எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று சொன்னார். அதை அவரே வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். மறைக்காமல் சொன்னதற்காக நான் மெச்சுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. சோறு போட்டு வைப்பேன், அவ்வளவுதான்.

அதிகாரி என்ன எழுதிக்கொண்டு போனார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பொய் சொல்லியும் வீடு தங்கவில்லை. அடுத்த வாரமே மண்டோர் தம்பியைக் கூப்பிட்டு, உன் பெண்டாட்டி இருக்கிற வீட்டில் என்னால் இருக்க முடியாது, வேறு இடம் பார் என்று சொல்லிவிட்டார். கிடங்கு வேலையும் போயிற்று. என் கணவர் பஸ் கழுவும் வேலையைத் தேடிக்கொண்டார். நகருக்கு வெளியே இருந்த ஆங் மோ கியோ அப்போது கம்பம் என்கிற குடிசைக் கிராமமும் ரப்பர் மரமும்தான். அங்கே ஓலைக்கூரை போட்ட ஓர் அத்தாப்பு வீட்டுக்குக் குடிபோனோம். நாற்பத்தாறாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்த பிள்ளையை அந்த வீட்டுக்குத்தான் தூக்கிப்போனேன். பாலை அவள் தானாக உறிஞ்சிக் குடித்தது அந்த வாரத்தில்தான். ஒரு வாய் குடிப்பாள், களைத்துப்போய்த் தூங்குவாள். எழுப்பி எழுப்பிக் கொடுப்பேன். ஒரு வேளைப் பாலுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

நாலு மாதம் கழித்துத் தேக்கா மார்க்கெட்டில், கிடங்கில் வேலை செய்த ஒருத்தி என்னைப் பார்த்தாள். நிறுத்திச் சொன்னாள். என் சிநேகிதிக்குப் பெண் பிறந்திருக்கிறது, கொழுகொழுவென்று, ஊரே கேட்கிற மாதிரி அழுகிறதாம். மண்டோர் அந்தப் பிள்ளையைக் கிடங்குக்கே தூக்கிவரச் சொல்லி முதலாளியிடம் காட்டினாராம். "இவளும்தான் அதே எடத்துல வேலை செஞ்சா. புள்ளயப் பாருங்க! மருந்துன்னு சொன்னாளே அவ, எங்க மருந்து?" என்றாராம்.

என் பிள்ளை அப்போது தலைகூட நிற்காமல் தோளில் சாய்ந்து கிடந்தாள். நான் அன்றைக்கு மீன் வாங்காமலே திரும்பிவிட்டேன். முகம் பார்க்காத அந்தப் பிள்ளையை மனதுக்குள் சபித்தேன். ஒரு பச்சைக் குழந்தையைச் சபிக்கிற அளவுக்குப் போயிருந்தேன் என்பதை எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது. ஆனால் அப்போது கூசவில்லை. டாக்டர் சொன்ன 'நிச்சயமாகச் சொல்ல முடியாது' வேறு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லாம் என் கற்பனையோ, உண்மையிலேயே நான் குடும்பத்தை நாசம் பண்ணியவள்தானோ என்று முதல் முறையாகச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தை எனக்குள் விதைத்ததற்காகவும் மண்டோரை வெறுத்தேன்.

மகள் பதினான்கு மாதத்தில் உட்கார்ந்தாள். இரண்டரை வயதில் நடந்தாள். பேச்சு மெதுவாக வந்தது. ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு முறை பஸ் ஏறிப் போவோம். அந்தச் சீன டாக்டர் ஒவ்வொரு முறையும் அவள் முழங்காலைத் தட்டிப் பார்ப்பார், கண்ணில் விளக்கடிப்பார்.

அவளுக்கு நாலு வயது நடக்கும்போது ஒரு நாள் மதியம் என் சிநேகிதி கம்பத்துக்கு வந்தாள். பஸ்ஸை விட்டிறங்கி, விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்துக்கொண்டு அந்த மூத்த பெண். நல்ல உயரம். வந்ததும் என் கோழிகளைத் துரத்திக்கொண்டு ஓடினாள். என் மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

நான் உட்காரச் சொல்லவில்லை. அவளாக வாசல் பலகையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் எதையெதையோ பேசினாள். கிடங்கில் இப்போது ஆண்கள்தான் தெளிக்கிறார்களாம், தகரங்களை வெளியே தனியாகப் பூட்டி வைக்கிறார்களாம். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"நீ தகரத்தப் புடுங்கிட்டுப் போன அன்னிலேர்ந்து நான் அந்த மருந்தத் தொடவே இல்ல. எம் முறை வந்தா வயித்துவலின்னு சொல்லிட்டு வெளிய வந்து ஒக்காந்துக்குவேன். வீட்டுலேர்ந்து போத்தல்ல தண்ணி கொண்டுபோவேன். அதுக்கு முன்னாடி மூணு மாசம் தொட்டேன்தான். ஆனா அதுக்கப்புறம் தொடல. ஒங்கிட்ட சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சேன்."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் சூடாயிற்று.

"அப்போ நான் சொன்னத நீ நம்பியிருக்க."

"ஆமா."

"நம்பிக்கிட்டுதான் ஆபீசருகிட்ட தொட்டதே இல்லைன்னு சொன்ன."

அவள் இடுப்புப் பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

"ஒம் புள்ளயத் தூக்கிக் காட்டி அந்த ஆளு என்னப் பொய்க்காரின்னு சொன்னப்ப, பக்கத்துலதான நின்ன?"

"எனக்கு வேற வழி என்னா இருந்துச்சு? எம் மாமியாரு..."

"எனக்கு மட்டும் இருந்துச்சா?"

அவள் அழுதாள். மன்னிச்சிடு என்று சொன்னாள். அந்த நேரத்தில் ஒரு நல்ல மனுஷி என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். நான் செய்யவில்லை. எழுந்து உள்ளே போய், என் மகளையும் இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மண் பாதையில் போவதைப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அது வெயில் நேரம், பஸ் நிற்கிற இடம் ஒரு மைல்.

அன்று மாலை என் கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "நானும் அவள மாதிரிதான்," என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவரிடம் பேசுவது எனக்குக் கொஞ்சம் சுலபமாயிற்று. அவர் எதையும் சமாதானம் சொல்லாமல் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் முறை.

மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது அவளுக்கு எட்டு வயது. ஒரு வருடம் தாமதம். பென்சில் பிடித்தால் கை நடுங்கும், எழுத்து கோட்டைத் தாண்டிப் போகும். வாத்தியாரம்மா பாதி நேரம் அவளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துவிடுவார். நான் பள்ளிக்கே போய்ச் சண்டை போட்டு முன்வரிசைக்குக் கொண்டுவந்தேன். எனக்குச் சண்டை போடுவது அதற்குள் பழகிவிட்டிருந்தது. வாய்ப்பாடு மட்டும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பதினாறாம் வாய்ப்பாடு வரை தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

அந்த வருடம் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, துணி எடுக்க அவளைச் சிராங்கூன் ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். கூட்டத்தில் எதிரே மண்டோர் வந்தார். தலை நரைத்துவிட்டது. கிடங்கு வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் நின்றார். என் மகளைப் பார்த்தார். அவள் விரலை மடக்கி ஏதோ கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள், அவரைக் கவனிக்கவில்லை.

"இதானா?" என்றார்.

அவர் கையை நீட்டினார், அவள் தலையில் வைக்கத்தான் இருக்கும். நான் பிள்ளையைச் சட்டென்று என் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. சுற்றிலும் ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். "எனக்கென்ன தெரியும் அப்போ? தகரத்துல இங்கிலீஷ்ல எழுதியிருந்தான்," என்றார்.

"மண்ட ஓடு எந்த பாஷைல போட்டிருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்வார் என்று நான் நிற்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். யாரும்மா அது என்று அவள் கேட்டாள். அப்பாவுக்கு அண்ணன் என்றேன். நமக்கு என்ன வேணும் என்றாள். ஒண்ணும் வேணாம் என்று சொல்லிவிட்டு, துணிக்கடைக்குள் நுழைந்து, அவளுக்கு எந்த நிறம் பிடித்திருக்கிறது என்று கேட்டேன். பச்சை என்றாள்.